அந்த முயலு பொழச்சிச்சா?

ரெண்டு மூணு வருஷம் இருக்கும், ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்ணுல, சிறுவர் வார்டுல நடந்தது இது.

நான் கண்டியில ஒரு ஆய்வுகூடத்துல வேலை செய்றேன். ஊர்ல, தேயிலைத் தோட்டத்துல எங்க ஆளுங்க "முயல் மேய்க்கிறா"ன்னு சிரிப்பாங்க. முழுப் பொய்யும் இல்ல. முயலுக்கு மூளைக்காய்ச்சல் கிருமிய ஏத்தி, அப்புறம் மருந்து குடுத்து, ரத்தத்துல இருக்கிற மருந்துல எவ்வளவு மூளையச் சுத்தியிருக்கிற தண்ணிக்குப் போய்ச் சேருது, கிருமி சாகுதான்னு அளந்து பாக்கிறதுதான் வேலை.

அப்பதான் எங்க அக்கா மகளுக்கு அதே மூளைக்காய்ச்சல். அஞ்சு வயசுப் புள்ள. லீவு போட்டுட்டு ஓடினேன். ஊசி மருந்து ஏத்த ஏத்த காய்ச்சல் விட்டு, ஒருநாள் காலையில எழும்பி உக்காந்து திங்க பணிஸ் ரொட்டி கேட்டா பாருங்க, அக்கா சந்தோசத்துல அப்பவே வீட்டுக்குப் போகப் பையக் கட்ட ஆரம்பிச்சுட்டா.

டொக்டர் வந்து, மருந்தக் குறைக்கக் கூடாது, கிருமி போயிருச்சான்னு முதுகுல ஊசி குத்தி இன்னொரு தடவ அந்தத் தண்ணி எடுத்துப் பாக்கணும்னு சிங்களத்துல சொன்னாரு. நான் அதத் தமிழ்ல சொல்லி முடிக்கல, அக்காவுக்கு வந்துச்சே ஆத்திரம்!

"திரும்பத் திரும்பக் குத்தி புள்ளைக்கு கால் வெளங்காம போனா யாரு தூக்கித் திரியிறது? நான் கூட்டிக்கிட்டுப் போறேன். முயலக் குத்திப் பழகினவ நீ, ஒனக்கு எங்கடி வலிக்கும்?"

சுருக்குன்னுச்சு. ஆனாலும் சொன்னேன்: "கால் ஒண்ணும் ஆகாதுக்கா. மூளையச் சுத்தி வீக்கம் இருக்கிறப்பதான் மருந்து கொஞ்சமாவது உள்ள போகும். வீக்கம் வத்த வத்த மருந்து போற வழி அடைச்சுக்கும். நல்லாயிட்டான்னு இப்ப நிறுத்தினா, மிச்சம் கிடக்கிற கிருமி மறுபடி எழும்பும். ஒரு முயலு இப்படித்தான் எழும்பிப் புல்லு தின்னுச்சு. அதோட தண்ணியில கிருமி இன்னும் உசிரோட இருந்துச்சு."

 அக்கா மெதுவா கேட்டா, "அந்த முயலு பொழச்சிச்சா?"

பொய் சொல்ல வாய் வரல. "இல்லக்கா. நல்லானாலும் நாங்க விடுறதில்ல. மயக்கத்துலயே முடிச்சிருவோம்."

"பாவம்டி"ன்னா. கட்டின பைய அவுத்தா. "நீயே புள்ளயப் பிடி. தெரியாதவங்க பிடிச்சா பயந்துக்குவா."

முழங்கால நெஞ்சோட மடக்கி நான்தான் பிடிச்சேன். "சித்தி, விடு சித்தி"ன்னு கத்தினா. ஐயோ, பிடிய விடாம நானும் கூடவே அழுதேன். தண்ணி தெளிஞ்சு வந்துச்சு, கிருமி இல்ல. மருந்து முழுசும் ஏத்தி முடிச்சுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். இப்ப ஸ்கூலுக்கு ஓடுறா.

புள்ள நல்லானதும் இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில்ல அர்ச்சனை வச்சோம். பேரு, நட்சத்திரம் சொன்னதும் ஐயர், "வேற யாருக்கும் உண்டா?"ன்னு கேட்டாரு.

"இருக்கு சாமி"ன்னா அக்கா. "பேரு தெரியாது. ஒரு முயலு."

ஐயர் சிரிச்சுட்டாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. அன்னைலேருந்து, கூண்டத் தொறந்து ஒரு முயலத் தூக்குறப்பல்லாம், எங்கயோ ஒரு அம்மா அவசரப்பட்டுப் பையக் கட்டாம புள்ளகிட்ட உக்காந்திருக்கிறதுக்காக இந்த முயலுதான் உசிரக் குடுக்குதுன்னு நெனைக்காம என்னால ஊசியக் கையில எடுக்க முடியறதில்ல.