பூஜைக்குப் போன ஸ்பேனர்

வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசடரை நானேதான் பழுது பார்ப்பேன். சென்ற நவராத்திரியில் அஷ்டமியன்று மாலை, முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூ மாற்றினேன். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டுகளை விரலால் திருகி, ஜாக்கியை இறக்கினேன். ஸ்பேனரால் முறுக்குவது மட்டும் பாக்கி.

"ஸ்பேனரைக் கொடுங்கோ, பூஜை வைக்க நேரமாச்சு" என்றாள் மனைவி. இந்த ஊரில் பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி காலைவரை தொடமாட்டோம். கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மூடியைப் பொருத்தினேன். அதோடு மறந்தும் போனேன்.

விஜயதசமியன்று இருவரும் பொன்முடி மலைக்குக் கிளம்பினோம். பேரூர்க்கடை தாண்டியதும், "கட்கட்டுன்னு கேக்கறதே" என்றாள்.

"பழைய வண்டி, ஏதாவது பேசும்."

"முப்பது வருஷமா அது பேசறதைக் கேக்கறேன். இது வேற. நிறுத்துங்கோ."

மூடியைக் கழற்றினேன். ஒரு நட்டைக் காணோம். மற்றவை விரலிலேயே சுழன்றன. அவள் நிறுத்தச் சொல்லாவிட்டால் இதே சக்கரத்தோடுதான் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிருப்போம்.

"ஸ்பேனர் எங்கே?" என்றேன்.

"சரஸ்வதி பக்கத்துல, சந்தனப் பொட்டோட."

ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கி முறுக்கி, மெதுவாக வீடு திரும்பினோம். புது நட்டு போட்டு, அடுத்த ஞாயிறு பொன்முடி போய்விட்டுத்தான் வந்தோம்.

இப்போது முதல் நட்டைத் தளர்த்தும் முன்பே ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன். கடைசி நட்டை முறுக்கிய பிறகே அவிழ்ப்பேன். இந்த அஷ்டமியன்று ஸ்பேனரை நீட்டினேன். மனைவி வாங்கவில்லை.

"முதல்ல அந்தத் துணியைக் கொண்டு வாங்கோ."