கப்டனின் ஒன்பது வினாடிகள்

1993ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்றுப் பிந்தி, நான் என் நண்பரின் குரலை அழித்தேன். அன்றைய நாட்குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது: “மூன்றாம் கசெற், பி பக்கம். என் தவறு.” அதற்குமேல் எழுத அன்று கை வரவில்லை.

நண்பர் என்று எழுதினாலும் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். உடுப்பிட்டிக்காரர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். நான் அரியாலையில் இருந்தேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞன். 1986இல் எங்கள் கைக்கு ஓர் ஆங்கில விண்வெளிப் படத்தின் வீடியோ நாடா வந்தது. பழுதடைந்த கப்பலில் எல்லாருக்கும் இடம் போதாது என்பதால், மற்றவர்களை அனுப்பிவிட்டுக் குளிர்ந்த கோள் ஒன்றில் தனியே நின்றுவிடும் கப்டனின் கதை அது. ஆனால் படம் அங்கே முடியவில்லை. கடைசி இருபது நிமிடத்தில் வேறொரு கப்பல் வந்து, கண்டபடி சுட்டு, கப்டனை மீட்டுக்கொண்டு போனது.

“உது பொய்,” என்றார் அண்ணை. “அவன் நிக்கிறதெண்டு முடிவெடுத்தவன். பிறகேன் ஆக்களை அனுப்பி அவனை அவமானப்படுத்துறாங்கள்?”

அந்த இருபது நிமிடத்தை வெட்டத்தான் தொடங்கினோம். பிறகு தொய்ந்த இடங்களையெல்லாம் வெட்டினோம். இரண்டு வீடியோ டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிந்தோம். நிறுத்தி வைத்த டெக்கை மீண்டும் ஓடவிட்டால் அது நாடாவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வெட்டிலும் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டுத்தான் விரலை எடுக்கவேண்டும். எல்லா வெட்டுகளையும் இலக்கமிட்டு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். கடைசியில் ஆங்கிலப் பேச்சை நீக்கி எங்கள் பேச்சைப் போட்டோம். கப்டனுக்கு அண்ணை பேசினார். பெண் வைத்தியருக்கு அவருடைய மனைவி. அவவை நான் அக்கா என்பேன். மிச்ச ஆண்கள் நான்கு பேருக்கும் நானே பேசினேன். கப்பலின் இயந்திர ஓசைக்கு அவர்களுடைய வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசினைப் பதிந்தோம். குரல்களை முதலில் மூன்று ஒலிக் கசெற்றுகளில் எடுத்து, பிறகு வீடியோ நாடாவில் ஏற்றினோம். கேட்டவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். யாருக்கு எந்தப் பிரதி என்பதும் அந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. மொத்தம் ஆறு.

போர் காரணமாக 1990இல் எங்கள் பகுதியில் மின்சாரம் நின்றது. டெக்குகளையும் நாடாக்களையும் துணியால் சுற்றி அலுமாரியில் வைத்தேன். 1992இல் அண்ணைக்குத் தொண்டையில் புற்றுநோய். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரத்தோடும் எழுதிக் காட்டக் கையில் ஒரு கொப்பியோடும் அவர் திரும்பி வந்தார்.

அக்காதான் கேட்டா. “தம்பி, அந்தப் படத்தை ஒருக்கால் துப்பரவாக்கித் தாங்கோ. கனடாவிலை இருந்து மகள் கேட்டு எழுதியிருக்கிறாள். இவரின்ரை குரல் வேறை ஒண்டிலையும் இல்லை.”

“கலியாண வீட்டு வீடியோவிலை அண்ணை வருவாரே?” என்றேன்.

அண்ணை கொப்பியில் எழுதிக் காட்டினார்: *அதிலை நான் சாப்பிடுறது மட்டும்தான் இருக்கு.*

அலுமாரியைத் திறந்தபோது எங்கள் நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பழைய வேட்டித் துண்டால் நாடாவைக் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தேன். ஒன்பது நாள் எடுத்தது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை ஒரு பகல் வாடகைக்கு எடுத்து, நாடாவைப் போட்டுப் பார்த்தேன். படம் பரவாயில்லை. கடைசி நான்கு நிமிடத்தில் ஒலிமட்டும் அரிபட்டுப் போயிருந்தது. அந்த நான்கு நிமிடந்தான் கப்டன் விடைபெறும் இடம். நான் பெரிதாகக் கலங்கவில்லை. ஒலிக் கசெற்றுகள் பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்து திரும்ப ஏற்றினால் சரி.

அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. நான் பேசிய நான்கு பாத்திரங்களில் பொறியியலாளனின் பேச்சு மோசமாக இருந்தது. எல்லாவற்றையும் சீராக்கும்போது அதையும் சீராக்கினால் என்ன? வெறுங் கசெற் எங்கும் கிடைக்காத காலம். சீ.ஆர். கொப்பியைப் புரட்டினேன். “கசெற் 3, பி பக்கம்: வெறுமை” என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பற்றரியும் கிடைக்காத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றினால் டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் றெக்கோடர் ஓடும். பி பக்கம் முழுவதையும் ஓடவிட்டுக் கேட்பதானால் முக்கால் மணி நேரம் சுற்றவேண்டும். கொப்பியில் எழுதியிருக்கிறதே என்று நான் சுற்றவில்லை. ஒரு கையால் மிதியைச் சுற்றிக்கொண்டு, பொறியியலாளனின் பேச்சை நான்கு நிமிடம் பதிந்தேன்.

பிறகு போட்டுக் கேட்டேன். கை களைக்கக் களைக்க நாடா மெதுவாகப் பதிந்திருந்ததால், போகப்போக என் குரல் கிளிக்குஞ்சின் குரலாகக் கீச்சிட்டது. தனியே சிரித்துக்கொண்டு நின்றேன். என் பேச்சு முடிந்தது. அடுத்த கணத்தில் அண்ணையின் குரல் வந்தது: “…இனி நீங்கள் போங்கோ.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாடா இரைந்துகொண்டு ஓடியது.

நினைவு வந்தது. கடைசிப் பேச்சின் முதற் பதிவு பிடிக்காமல் அவர் அதை அழித்துவிட்டு, வீட்டில் தனியே இருந்து புதிதாகப் பேசி, பி பக்கத்தில் பதிந்துகொண்டு வந்திருந்தார். அன்று பின்னேரமே அதை வீடியோவில் ஏற்றினோம். நான்தான் கொப்பியில் எழுதவில்லை.

அடுத்த நாள் உடுப்பிட்டிக்குச் சைக்கிளில் போனேன். சொல்லாமல் விடலாமா என்று வழி முழுவதும் யோசித்தேன். முற்றத்தில் அக்கா மிளகாய் காயப் போட்டுக்கொண்டு நின்றா. இருவரையும் இருக்கச் சொல்லி, நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன்.

அண்ணை எழுதினார்: *பதியமுன்னம் கேட்டுப் பாக்கேல்லையோ?*

“இல்லை அண்ணை. கொப்பியை நம்பிட்டன்.”

அவர் கொப்பியில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு எழுதினார்: *நிரப்பினது நான். எழுதாமல் விட்டது நீ. பிழை ஆளுக்குப் பாதி.*

அக்கா அதை வாங்கி வாசித்தா. “என்ன, காணி பிரிக்கிறியளோ ரெண்டு பேரும்? பிழை பாதிப் பாதி, குரல் போனது முழுசாயெல்லோ!” என்றா. எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றா. அண்ணை எழுந்து பின்னால் போனார்.

மிஞ்சியது அந்த ஆறு பிரதிகள். அரியாலையில் கொடுத்த இரண்டு, வாங்கியவர்களோடு கொழும்புக்குப் போய்விட்டன. சுன்னாகத்தில் ஒன்றின்மேல் பூப்புனித நீராட்டு விழாவைப் பதிந்திருந்தார்கள். இன்னும் இரண்டைத் தேடிப் போன இடங்களில் வீடே இல்லை. கடைசியாகக் குருநகரில் ஒரு மீன்பிடிக் குடும்பம். கரையோர வீட்டை விட்டு உள்வீதிக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும்.

“கப்டன் படமோ? இருக்குது ஐயா,” என்றார். “கறன்ற் இருந்த காலத்திலை என்ரை மனிசி அதை விடமாட்டா. பாத்து அழுறது, திருப்பிப் போடு எண்டுறது.”

உள்ளேயிருந்து குரல் வந்தது: “நான் மட்டுமோ அழுதனான்? இவர் அந்த நேரம் வெங்காயம் உரிச்சுக்கொண்டோ இருந்தவர்?”

அவர் சிரித்தார். “ஆனா ஐயா, ஒரு இடத்திலை நாடா அறுந்துபோச்சு. நான்தான் பொருத்தினனான்.”

எடுத்துப் பார்த்தேன். வலை பொத்திப் பழகிய கை. பொருத்து வெகு நேர்த்தி; ஆனால் அது நாடாவின் முடிவுக்கு அருகில், கப்டன் விடைபெறும் இடத்தில் விழுந்திருந்தது. “நசிஞ்ச துண்டை என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“வெட்டினனான். ஒரு சாண்தான் வரும். மினுமினுவெண்டு கிடந்தது, கருவாட்டுக்குக் காகம் வராமல் கம்பிலை கட்டிவிட்டனான்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “தேவையான துண்டோ ஐயா?”

ஓம் என்றேன். அந்தக் கம்பு கரைவீட்டு முற்றத்தில் நின்றதாம். இப்போது அந்த முற்றமும் இல்லை.

மீண்டும் ஜெனரேற்றர் எடுத்தேன். குருநகர் நாடாவில் படம் வெளுத்துப்போயிருந்தது. ஒலி திடமாக இருந்தது. அந்த ஒலியை எங்கள் படத்தின்மேல் ஏற்றினேன். இந்த முறை ஒவ்வொரு நாடாவையும் தொடங்கு முனையிலிருந்து முடிவு முனைவரை கேட்ட பிறகுதான் பொத்தானைத் தொட்டேன். நான்கு நிமிடமும் கிடைத்தது, அந்த ஒரு சாணைத் தவிர. ஒரு சாண் நாடா ஒன்பது வினாடி. அந்த ஒன்பது வினாடியிலும் கப்டன் கமராவைப் பார்த்து வாயசைக்கிறான்; குரல் இல்லை.

உடுப்பிட்டி வீட்டில் ஒரு பகல் நேரம் மூவருமாகப் பார்த்தோம். ஜெனரேற்றரின் இரைச்சல் உள்ளே வராமல் அக்கா யன்னல்களைச் சாத்தினா. அண்ணையின் குரல் தொடங்கியதும் அவ அவரைப் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தா. அண்ணை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலற்ற இடம் வந்தது, போனது.

“அண்ணை, அதிலை என்ன சொன்னீங்களெண்டு ஞாபகமிருந்தால் நான் பேசிப் போடுறன்,” என்றேன். “உங்கடை குரல் மாதிரி ஓரளவுக்கு என்னாலை ஏலும்.”

அக்கா திரும்பினா. “கிளிக்குஞ்சு மாதிரியோ?”

மாசி மாதத்துக்குப் பிறகு அவ என்னோடு பகிடியாய்க் கதைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணை தலையாட்டி மறுத்தார். என்ன சொன்னார் என்பது அவருக்கும் நினைவில் இல்லை. *விடு*, என்று எழுதினார். *இருக்கிறதை அனுப்பு.*

அப்போதிருந்த ஒரே வழியான கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போன ஒருவரிடம், கனடாவுக்கு அனுப்பச் சொல்லி நாடாவைக் கொடுத்துவிட்டோம். குருநகருக்கும் புதுப் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

1995இன் தொடக்கத்தில் மகளின் கடிதம் வந்தது. அக்கா எனக்கு வாசித்துக் காட்டினா. படத்தை அவள் ஒரே நாளில் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். அங்கே கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கடைசியில் ஒரு கேள்வி: “ஒரு இடத்தில் சத்தம் இல்லை. அதில் அப்பா என்ன சொன்னவர்?”

அண்ணை ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தார். இரண்டு வரி எழுதினார், வெட்டினார், மறுபடி எழுதினார். அரை மணித்தியாலம் ஆனது. முடிந்ததும் அக்காவிடம் நீட்டினார். அவ வாசித்தா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா, திரும்பவும் வாசித்தா.

“இது அந்தக் கப்டன் சொன்னது இல்லையே,” என்றா.

அண்ணை ஓம் என்று தலையாட்டினார். தாளை மடித்து, உறையிலிட்டு ஒட்டி, விலாசத்தைத் தானே எழுதினார். என்னிடம் தந்தார். நான் அதை உடுப்பிட்டித் தபாற்கந்தோரில் சேர்த்தேன். என்ன எழுதினார் என்று இருவரிடமும் நான் கேட்கவில்லை.