பதினோரு மேகசின்

ஒரு பிஸ்டலுக்கு எத்தனை உபரி மேகசின் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண நஞ்சுண்டனுக்கு நாற்பத்தேழு நாள் ஆனது. டெக்சஸின் பிளேனோவில் வீடு வாங்கும் முடிவை அவர் ஒன்பது நாளில் எடுத்திருந்தார்.

மேகசின் என்பது துப்பாக்கியின் பிடிக்குள் கீழிருந்து செருகும் உலோக டப்பா. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் மேல் வரிசையாகத் தோட்டாக்கள். தோட்டா தீர்ந்ததும் அதை உதிர்த்துவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். புதுப் பிஸ்டலோடு பெட்டியிலேயே இரண்டு வரும். டெக்சஸில் பெரும்பாலானவர்கள் அதோடு இன்னும் ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நஞ்சுண்டன் அப்படிப் போகிறவர் அல்ல.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். 2001இல் நியூஜெர்சிக்கு வந்திறங்கிய மூன்றாவது மாதம் கம்பெனி மூடியது. அங்கே இங்கே அலைந்து டல்லாஸ் பக்கம் ஒதுங்கியவர், இப்போது ஒரு காப்பீட்டு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். பிறர் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பதுதான் சம்பளம். "டெஸ்ட் பண்ணீங்களா?" என்று ஒரு நாளைக்கு முப்பது முறையாவது கேட்பார். சின்ன வயதில் தீபாவளிக்கு ஊதுபத்தியைக் குச்சியில் கட்டி, ஆறடி தள்ளி நின்று அணுகுண்டு கொளுத்தியவர் துப்பாக்கி வாங்கியது எப்படி என்று கேட்டால், கிரீன் கார்டு வந்த சந்தோஷத்தில் அலுவலக நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள் என்பார். முதல் வெடிச் சத்தத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டதைச் சொல்ல மாட்டார். குண்டு எங்கோ போனது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு அலுவலக நினைப்பே வரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

டென்டன் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப். மாதத்தின் முதல் சனிக்கிழமை போட்டி. புதியவர்கள் முதலில் ஒரு தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும்: பதினெட்டுக் குண்டு, மேகசினுக்கு ஆறாக மூன்று மேகசின், ஒரு நிமிடத்துக்குள் அத்தனையும் இலக்கு அட்டையில் பட வேண்டும். வருடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அடுத்த வருடம்தான்.

2009 ஜூலையில் முதல் முயற்சி. பெட்டியில் வந்த இரண்டு, அவசரமாக வாங்கிய ஒன்று, ஆக மூன்றோடு போனார். முந்தின நாள் மழை. மாற்றும்போது ஒன்று சேற்றில் விழுந்தது. குனிந்து தேடியவர் அதன் மேலேயே காலை வைத்து நின்றிருந்தார். ஆகஸ்டில் நான்கோடு போனார். அதில் இரண்டைக் காரிலேயே விட்டுவிட்டார்.

வீட்டில் அன்று மாலை மனைவி கண்மணி இட்லி மாவைக் கலக்கியபடி ஒப்பந்தம் பேசினாள்.

"ஏனுங்க, இன்னும் எத்தனை தடவை இருக்குது?"

"ஒண்ணே ஒண்ணு."

"அதுவும் போச்சுன்னா பிஸ்டலை வித்துப்போட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு வந்துருங்க. இரண்டாம் நிலைக்கு ஆளில்லாம கமிட்டில தினமும் எனக்கு போன் பண்றாங்க. தேறிட்டீங்கன்னா, மாசம் ஒரு சனிக்கிழமை எங்க போறீங்கன்னுகூடக் கேக்க மாட்டேன்."

சனிக்கிழமைதோறும் நடக்கும் அந்தப் பள்ளியில் இரண்டாம் நிலை வகுப்பை நடத்திய குடும்பம் சன்னிவேலுக்கு மாறிப் போயிருந்தது. இருபத்திரண்டு குழந்தைகள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி நஞ்சுண்டனின் சொந்த மகள் தென்றல். கிளப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லித்தான் கமிட்டியிடமிருந்து ஒரு வருடமாகத் தப்பித்து வந்தார்.

"சரி" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்.

மறுநாளே எக்செல் திறந்தார். தொலைதல், சேறு, மறதி, ஸ்பிரிங் பழுது என்று நான்கு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். இணையத்தில் ஒருவர் மூன்று போதும் என்றார், இன்னொருவர் இருபது இல்லாதவன் முட்டாள் என்றார். இருவர் சொன்னதற்கும் நஞ்சுண்டன் எக்செல்லில் தலா ஒரு நெடுவரிசை ஒதுக்கினார். விடை 6.4 என்று வந்தது.

காரில் கூடவே அலுவலகம் வரும் பொள்ளாச்சி வேலுமணியிடம் இதைச் சொன்னார். வேலுமணி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பாயின்ட் நாலை எங்கீங்க வாங்குவீங்க?"

"ஏழுன்னு வெச்சுக்கலாம்."

"நீங்க போட்டிக்குப் போறீங்களா, படையெடுத்துப் போறீங்களா?"

"ஒண்ணு கெட்டா இன்னொண்ணு. சர்வர்ல நாம பண்றதில்லையா?"

"சர்வரை யாருங்க இடுப்புல கட்டிக்கிட்டு ஓடறாங்க?"

ஏழு என்று முடிவானது. கையில் நான்கு இருந்தது. மூன்று வாங்க வேண்டும். சுலபமான வேலை. ஆனால் அந்த வருடம் எதுவும் சுலபமாக இல்லை. முந்தின நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்ததிலிருந்து, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரப்போகிறது, இனி மேகசின் கிடைக்காது என்று டெக்சஸ் முழுக்க ஒரே பேச்சு. கடை அலமாரிகள் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. கடைசியில் டல்லாஸில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போனார். கதவு திறக்குமுன்பே வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. உள்ளே ஒரு மேசை மேல் பிளாஸ்டிக் தொட்டி. அதில் மேகசின்கள் குவிந்து கிடந்தன. பத்துப் பதினைந்து கைகள் துழாவின. இதுதான் கடைசி என்று மேசைக்காரர் யாரிடமோ சொன்னது நஞ்சுண்டன் காதில் விழுந்தது. அடுத்த நிமிடம் அவர் கையும் தொட்டிக்குள் இருந்தது. வெளியே வந்தபோது அதில் ஆறு.

பணம் கட்டும் இடத்தில் கணக்குப் போட்டார். வீட்டில் நான்கு, கையில் ஆறு, மொத்தம் பத்து. பத்து என்பது மொட்டையாக இருந்தது. மொய் எழுதினாலும் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒன்று சேர்த்து எழுதிப் பழகிய கை. திரும்பிப் போய் இன்னொன்று எடுத்து வந்தார். பதினொன்று. 6.4இலிருந்து பதினொன்றுக்கு எப்படி வந்தார் என்று எக்செல்லால் விளக்க முடியவில்லை. அந்தக் கோப்பை அவர் மறுபடி திறக்கவும் இல்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆயுத பூஜை. கண்மணி வழக்கம்போல் கார் சாவி, மிக்ஸி, லேப்டாப், தென்றலின் கீபோர்டு எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தாள். நஞ்சுண்டன் பூட்டுப் பெட்டியைத் திறந்து, வெறும் பிஸ்டலையும் பதினோரு காலி மேகசினையும் ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்தார். அமெரிக்காவுக்கு வந்த இத்தனை வருடத்தில், பெயருக்கேற்ற ஆயுதம் பூஜையில் வைக்கப்படுவது இதுவே முதல் தடவை என்று அவருக்குப் பெருமை.

"ஒண்ணுக்குப் பொட்டு வெச்சாப் போதாதுங்களா?" என்றாள் கண்மணி.

"எது அன்னிக்கு வேலைக்கு வரும்னு தெரியாதில்ல. எல்லாத்துக்கும் வைக்கணும்."

பன்னீரில் நன்றாகக் குழைத்த சந்தனத்தை அவரே வைத்தார். பொட்டு என்றால் தலையில்தான் வைக்க வேண்டும். மேகசினுக்குத் தலை எது? தோட்டா வெளியே வரும் வாய்தான் மேலே இருக்கிறது. பதினோரு வாயிலும் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். விஜயதசமி காலையில் ஈரத் துணியால் வெளியே தெரிந்ததைத் துடைத்து எடுத்து வைத்தார். அந்த வாரம் ஒரு தடவையாவது ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்திருக்கலாம். தோட்டாவும் தட்டுப்பாடு, சேமித்து வைப்போம் என்று விட்டுவிட்டார்.

அக்டோபர் மூன்று, சனிக்கிழமை. ஒப்பந்தத்துக்குச் சாட்சியாகக் கண்மணியும் தென்றலும் கூடவே வந்தார்கள். பத்தரைக்குத் தமிழ்ப் பள்ளி என்பதால் கண்மணி புடவையில் வந்திருந்தாள். நஞ்சுண்டன் பதினொன்றிலும் ஆறாறு தோட்டா நிரப்பினார். உள்ளே போக மறுத்தன. புது ஸ்பிரிங் அப்படித்தான் இறுக்கமாக இருக்கும் என்று கட்டைவிரல் சிவக்க அழுத்தித் திணித்தார்.

சுற்றை நடத்துகிறவர் டுவெய்ன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். டைமர் ஒலித்தது. இரண்டு குண்டு போனது. மூன்றாவது வரவில்லை. மேகசினை உதிர்த்து அடுத்ததைச் செருகினார். ஒன்று போனது, அதோடு சரி. மூன்றாவது மேகசின் அதுகூடத் தரவில்லை. டுவெய்ன் நிறுத்தச் சொல்லி, துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, ஒரு மேகசினைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன மஞ்சளாக? வாசனை நன்றாக இருக்கிறதே."

"சந்தனம். பிரார்த்தனை பண்ணினோம்."

"எத்தனைக்கு?"

"எல்லாவற்றுக்கும்."

டுவெய்ன் பதினொன்றையும் ஒரு தரம் பார்த்தார். "ஒன்றிரண்டையாவது பிரார்த்தனை பண்ணாமல் விட்டிருக்கலாம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, பழுது என்று எழுதிக்கொள்கிறேன், அரை மணியில் மூன்றைச் சரிசெய்தால் இன்னொரு தரம் சுடலாம் என்றார்.

பக்கத்து மேசையில் ஒரு மேகசினின் அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துக் காட்டியதும் அவரே. உள்ளே சந்தனம் வழிந்து, காய்ந்து, சுவருக்கு அடித்த சுண்ணாம்பு போல ஒட்டியிருந்தது. சுரண்ட ஒன்றும் இல்லை. கண்மணி வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பிறகு அவர் சுரண்டுகிற வேகத்தைப் பார்த்துப் பொறுக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இப்படியே போனா பள்ளி விட்டுரும். குடுங்க."

"நான் தேறினா உனக்குத்தான் நஷ்டம்."

"தேறாமப் போங்க, அது வேற. பூஜை பண்ணித்தான் கெட்டுதுன்னு இவங்க பேசக்கூடாது."

தென்றல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்க, கண்மணி ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கழுவித் துடைத்தாள். மூன்று முடிந்தது. நஞ்சுண்டன் அதில் தோட்டா நிரப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். சும்மா நிற்கத் தெரியாத கண்மணி மற்ற எட்டையும் வெளிப்புறம் பளிச்சென்று துடைத்து, பதினொன்றையும் அடுக்களை டப்பாக்களைப் போல ஒரே வரிசையில் நிறுத்தினாள்.

டுவெய்ன் பெயரைக் கூப்பிட்டார். நஞ்சுண்டன் திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். பதினோரு கருப்பு மேகசின். ஒன்றில்கூட ஓர் அடையாளம் இல்லை. அலுவலகத்தில் பெயரும் எண்ணும் ஒட்டாத எதையும் கையால் தொடமாட்டேன் என்று சண்டை போடுகிறவர்.

"கண்மணி, எது கழுவினது?"

"எல்லாம் கழுவினதுதானுங்க."

"உள்ள?"

கண்மணி வரிசையைப் பார்த்தாள். "இந்தப் பக்கம்னு நெனைக்கறேன்" என்றாள்.

டுவெய்ன் மறுபடி கூப்பிட்டார். நஞ்சுண்டன் அந்தப் பக்கத்திலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் மேகசினில் ஆறும் போனது. ஆறும் அட்டையில் பட்டது. இரண்டாவதும் அப்படியே. பதினைந்து விநாடிக்கு மேல் மீதி இருந்தது. அவர் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாகச் சுட்டதே இல்லை. மூன்றாவதைச் செருகினார். ஒரு குண்டு போனது. அதற்கு மேல் வரவில்லை. தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். டைமர் ஒலித்து அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் குலுக்கினார்.

"பதிமூன்று" என்று எழுதிக்கொண்டார் டுவெய்ன். "அடுத்த வருடம் பார்க்கலாம்."

திரும்பும் வழியில் கண்மணிதான் கார் ஓட்டினாள். பிஸ்டலை யாரிடம் விற்பது என்று நஞ்சுண்டன் யோசித்துக்கொண்டிருந்தபோது கண்மணி சொன்னாள், "கமிட்டிக்கு இன்னிக்கே சொல்லிரலாமுங்க. அடுத்த வாரம் உயிர்மெய் எழுத்து ஆரம்பிக்கணுமாம்."

பின் சீட்டில் தென்றல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெயிட். அப்பா என் கிளாஸுக்கா டீச்சர்?"

"ஆமா."

"எவ்ரி சாட்டர்டே?"

"ஆமா கண்ணு."

தென்றல் சீட் பெல்ட் எவ்வளவு விடுமோ அவ்வளவு முன்னால் சாய்ந்து, அப்பாவின் தோளைத் தொட்டாள். "அப்பா, அந்த அங்கிள்கிட்ட ஒன் மோர் சான்ஸ் கேளுங்க. ப்ளீஸ். நானே எல்லாத்தையும் க்ளீன் பண்ணித் தர்றேன்."

இரண்டு வருடத்தில் அவள் அவரிடம் இத்தனை நீளமாகத் தமிழில் பேசியதில்லை. நஞ்சுண்டன் கண்மணியைப் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.