வேலிக்கு அந்தப் பக்கம் கோர்ட்டு

பிளேக் வந்ததும் மைசூரில் முடிந்தவர்கள் எல்லோரும் ஊரைக் காலி செய்தார்கள். தோட்டம் உள்ளவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள், சொந்தக்காரர் உள்ளவர்கள் நஞ்சன்கூட்டுக்குப் போனார்கள். கோர்ட்டும் தன் பங்குக்கு ஊருக்கு வெளியே மைதானத்தில் கூடாரம் அடித்துக்கொண்டது. சட்டத்துக்கும் உயிர்ப்பயம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்குப் போக்கிடம் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கிணறு. அந்த வீட்டில் முதலில் எலி செத்து விழுந்தது, பிறகு வீட்டுக்காரர் விழுந்தார். வண்டி வந்து இரண்டு வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. போய்ச் சேர்ந்த இடத்தில் மூங்கில் தட்டிக் கொட்டகைகள், சுற்றிலும் முள்வேலி, வாசலில் போலீஸ். எங்கள் துணிமணியை அண்டாவில் போட்டு வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். நடுவில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் மறுபடி முதலிலிருந்து நாள் எண்ணுவார்கள்.

என் கூட இருந்தவள் என் மகள் மட்டும்தான். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயசுகூட ஆகவில்லை. அவளுக்காகத்தான் வழக்கே. என் கணவர் மார்வலியில் போன பிறகு நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் போனேன். அது என் கணவரின் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தாலி அறுத்தவள் தெருவில் நடந்து வேலைக்குப் போகிறாள், தம்பி குழந்தை அவளிடம் வளரக் கூடாது, என்னிடம் ஒப்படையுங்கள் என்று மனுப் போட்டுவிட்டார். அவருக்கு வரிசையாகப் பையன்கள், பெண் இல்லை. அவர் மனைவிக்கு என் மகள் மேல் ஒரு கண் உண்டு.

விசாரணை நாள் வந்தது. கூடாரம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு ஓடைக்கு அப்பால் நன்றாகவே தெரிந்தது. வக்கீல்களின் கறுப்புக் கோட்டு, குடை, மரத்தடியில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் எல்லாம் தெரிந்தார்கள். என் கணவரின் அண்ணன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார். என் வக்கீலை மட்டும் காணவில்லை. அவர் குடும்பத்தோடு சாமராஜநகருக்குப் போய்விட்ட சங்கதி எனக்குப் பிறகுதான் தெரியும்.

வாசல் போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேசப் பார்த்தார்.

"ஆகல்லம்மா. டாக்டர் சீட்டு இல்லாம யாரையும் விட ஆகாது. என் வேலெ போயிடும்."

"அதோ தெரியுதே, அங்கதான்யா போகணும். நீயும் கூட வாயேன்."

"ஆகல்லம்மா."

கோர்ட்டு டவாலிச் சேவகர் கூடாரத்துக்கு வெளியே வந்து என் பெயரைக் கூவினார். எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. நாலு பேர் நடுவில் பெண்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் வாய் திறக்கக் கூடாது, கூட வந்த ஆண்பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். வாயாடி என்று பெயரெடுத்த நானும், எங்கிருந்தாவது வக்கீல் குரல் வரும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டாம் தரமும் கூவினார். மூன்றாம் தரம் கூவியபோது வழக்கமெல்லாம் பறந்துவிட்டது.

"இருக்கேன்! இங்க இருக்கேன்யா!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கையெல்லாம் முள்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. டவாலி உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஓடைக்கரைவரை வந்து நின்றார்.

"கேட்டுச்சும்மா. நீங்க கத்தினதை ஜட்ஜு ஐயாகிட்டேயும் சொன்னேன். ஆனா கோர்ட்டுக்குள்ள வந்து நின்னாத்தான் ஆஜர்ங்கறாரு."

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. நான் வராதவள் என்று வைத்து, ஒரு தரப்பை மட்டும் கேட்டு, குழந்தையை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் கூப்பாட்டிலேயே கத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இருந்தாலும் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் யாரோ, அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

மறுநாளே கோர்ட்டு அமீனா உத்தரவோடு வாசலுக்கு வந்தார், பின்னால் என் கணவரின் அண்ணனும் வந்தார். போலீஸ்காரர் அவர்களையும் தடுத்தார். குழந்தை வெளியே வராது, வேண்டுமானால் நீங்கள் உள்ளே போகலாம், போனால் டாக்டர் விடும்வரை நீங்களும் உள்ளேதான் என்றார். அமீனா என் கணவரின் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் அடங்கட்டும். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஜட்காவில் ஏறிவிட்டார்.

அதன் பிறகு இருந்த இருப்பை இருப்பு என்றே சொல்ல முடியாது. உள்ளே இருந்தால் பிளேக், வெளியே போனால் அமீனா. காலையில் டாக்டர் குழந்தையின் அக்குளைத் தொட்டுப் பார்க்கும்போது கட்டி இருக்கக் கூடாதே என்று உயிர் துடிக்கும். இல்லை என்று அவர் சொன்ன மறுநிமிஷம், வெளியே போகும் நாள் நெருங்குகிறதே என்று விரல் விட்டு எண்ணுவேன். விடுதலை ஆன அன்று கொட்டகையே கொண்டாடியது. நான் மட்டும் டாக்டரிடம் இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறேனே என்று கேட்டேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

வாசலில் ஜட்கா நின்றது. "மருந்துத் தண்ணியில குளிப்பாட்டியாச்சா?" என்று கணவரின் அண்ணன் டாக்டரிடம் கேட்டு, ஆயிற்று என்ற பிறகுதான் கையை நீட்டினார். குதிரை வண்டி என்றதும் என் மகள் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

பிளேக் தணிந்து கோர்ட்டு ஊருக்குள் திரும்பியது. என் வக்கீலும் கொஞ்சம் சதை போட்டுத் திரும்பினார். நான் அடைபட்டிருந்ததற்கு டாக்டரைச் சாட்சி வைத்து, உத்தரவை நீக்கச் சொல்லி மனுப் போட்டோம். வாய்தா மேல் வாய்தா. மறு வருஷம் மறுபடி எலி விழுந்து, கோர்ட்டு மறுபடி கூடாரத்துக்குப் போயிற்று. அதற்கடுத்த வருஷமும் அதே கதைதான். நான் விடவில்லை. கடைசியில் தீர்ப்பு என் பக்கம் வந்தது.

அதே அமீனா அவளைக் கொண்டுவந்து என் வீட்டில் விட்டார். நன்றாக வளர்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பையன்களுக்கு நான் சித்தி. அவர்களோடு வளர்ந்தவள் என்னை வேறெப்படிக் கூப்பிடுவாள்? வீட்டுக்குள் வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள்.

"சித்தி, எங்க அம்மா எப்ப வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டாள்.