மெதுவாக இழுக்கச் சொன்னவன்

"அண்ணா, மறுபடியும் மாட்டிக்கிச்சு."

புஷ்பா இதைச் சொன்னபோது பெங்களூரில் நடக்கும் மாநில அணி செலக்‌ஷனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எங்கள் ரைபிள் கிளப்பில் இருப்பது ஒரே ஒரு பாயின்ட் டூ டூ போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். அதைப் பழுது பார்ப்பவன் நான். அந்தப் பதவியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. ஃபேக்டரியில் டம்பர் லாரிகளுக்கு கியர்பாக்ஸ் பூட்டி ரிட்டயர் ஆனவனுக்கு இந்தக் குட்டி இரும்பு எந்த மூலைக்கு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

புஷ்பா தினமும் எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளையும் மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ரேஞ்சில் குப்புறப் படுத்துச் சுட்டே கழிப்பாள். போன வருஷம் செலக்‌ஷன் நூலிழையில் தவறிவிட்டது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் மறுபடி லீவு தரமாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

கோளாறு இதுதான். சுட்டதும் போல்ட் என்கிற கைப்பிடித் தண்டை இழுத்தால் காலி கேஸ், அதாவது தோட்டாவின் வெற்று உறை, வெளியே போய் விழ வேண்டும். விழவில்லை. உள்ளேயே படுத்துக்கொண்டது. அடுத்த ரவுண்டு தோட்டா போய் அதில் முட்டிக்கொண்டது. போட்டியில் நேரம் கணக்கு. கேஸை விரலால் நோண்டிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், நிதானமும் போகும்.

போல்ட்டின் முகத்தில் இருக்கும் சின்னக் கொக்கிக்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பேர். கேஸைத் தோட்டா உட்காரும் சேம்பரிலிருந்து பிடித்து இழுத்து வருவது அதன் வேலை. இழுத்து வந்த கேஸைத் தட்டி வெளியே எறிவது எஜெக்டர். கேஸ் சேம்பரிலேயே நின்றுவிட்டால் முதல் ஆளைச் சந்தேகப்பட வேண்டும். சேம்பரை விட்டு வந்தும் ரைபிளுக்குள்ளேயே கிடந்தால் இரண்டாவது ஆளை. எங்கள் கேஸ் சேம்பரை விட்டு ஒழுங்காக வந்துதான் கிடந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதல் ஆளின் கழுத்தைத்தான் பிடித்தேன். ஏனென்றால் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் ஒன்று என்னிடம் புதிதாக இருந்தது.

சேம்பரை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கொக்கியின் அடியில் ஒட்டியிருந்த கரியைப் பல் குச்சியால் எடுத்தேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் நானே ஒரு ரவுண்டு சுட்டு, போல்ட்டைப் பக்குவமாக இழுத்துப் பார்த்தேன். கேஸ் ஒவ்வொரு முறையும் வெயிலில் பூனை மாதிரி படுத்துக் கிடந்தது.

கிளப் செகரெட்டரி தேவராஜ் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், எஜெக்டர் தேஞ்சு போச்சு. பெங்களூருக்கு அனுப்பணும். ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசமா? செலக்‌ஷன் அடுத்த வாரம் ஆச்சே."

"இரும்பு நம்ம கேலண்டர் பாக்குமா சார்?" என்றேன். என்ன கம்பீரம் பாருங்கள்.

புஷ்பாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னாண்ணா பேசறீங்க நீங்க? ஒரு வருஷமா லீவு போடாம ஜொரத்துலகூட ரயில் ஏறிப் போயிருக்கேன். இப்ப வந்து ஒரு மாசம்ன்றீங்க!"

ரேஞ்சில் கோபத்தோடு துப்பாக்கியைத் தொடக்கூடாது. அவள் படுத்து, மூச்சை அடக்கி, ஒழுங்காகத்தான் சுட்டாள். கோபம் முழுவதையும் போல்ட்டை இழுப்பதில் காட்டினாள். வெடுக்கென்று ஒரே இழுப்பு. வலது பக்கம் நின்றிருந்த என் மூக்குக் கண்ணாடியில் 'டிங்' என்று சத்தம். காலி கேஸ்.

"பாத்தியா, ஸ்பிரிங் மாத்தினது வேலை செய்யுது," என்றேன். வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிரூபிக்கிறேன் என்று நானே ஒரு ரவுண்டு சுட்டு இழுத்தேன். கேஸ் படுத்துக்கொண்டது. அவள் இழுத்தாள், பறந்தது. நான் இழுத்தேன், படுத்தது.

தேவராஜ் சார் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரைபிள் நல்லா கீது. உங்கள பெங்களூருக்கு அனுப்பலாமா?"

புஷ்பா எழுந்து உட்கார்ந்தாள். "நான் முன்னாடி இப்டித்தாண்ணா இழுப்பேன். தீபாவளிக்கு அப்புறம் நீங்கதான், மெஷினா மாட்டு வண்டியா, மெதுவா இழும்மான்னு சொன்னீங்க. பெரியவங்க சொன்னீங்களேன்னு மெதுவா இழுத்தேன்."

சொன்னேன்தான். ஃபேக்டரியில் எந்த லீவரையும் வெடுக்கென்று இழுத்தால் ஃபோர்மேன் வம்சத்தையே இழுப்பார். அங்கே அது சரி. ஆனால் இந்த ரைபிளில் எஜெக்டர் அசையாமல் நிற்கும் ஒரு தகடு. கேஸ் வேகமாக வந்து அதில் மோதினால்தான் தெறிக்கும். மெதுவாக வந்து ஒட்டி நின்றால் தகடு என்ன செய்யும்? கோளாறைப் புகுத்தியவனும் நான், ரிப்பேர் செய்தவனும் நான். கூனிக் குறுகிப் போனேன்.

செலக்‌ஷனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே நிபந்தனை, "ஒன்னும் பேசக்கூடாதுண்ணா."

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் பதற்றம் வந்துவிட்டது போல. கை பழையபடி மெதுவானது. கேஸ் உள்ளே படுத்தது. நோண்டி எடுத்தாள். அடுத்ததும் படுத்தது. என் நாக்கு துடித்தது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றில் ஒரு போல்ட்டை வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன். முழங்கை இடித்துப் பக்கத்திலிருந்தவரின் டீ அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. மன்னிப்புக்கூட வாய் திறந்து கேட்கவில்லை, கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேஸும் தெறித்து விழுந்தது. தேர்வானவர்கள் லிஸ்டில் கடைசிக்கு முந்தின பேர் புஷ்பாவுடையது. படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இளையவர்களுக்கு என் பாடம் இது. எந்தக் கோளாறுக்கும் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்னால், நேற்றுவரை ஓடியது இன்று ஏன் நின்றது, நடுவில் என்ன மாறியது என்று கேளுங்கள். எங்கள் கிளப்பில் இப்போது எது கெட்டாலும், ரேஞ்சின் ஃபேன் நின்றால்கூட, தேவராஜ் சார் முதலில் கேட்பது, "இதுக்கு இவர் ஏதாவது அட்வைஸ் குடுத்தாரா?"

அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது புஷ்பா வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்குத்தாண்ணா கரெக்டா சொல்லிக்குடுத்தீங்க," என்றாள். "வாயே தொறக்காம."