பார்வதி அக்கா நிறுத்திய ரோலர்

பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: பார்வதி அக்கா காலமாகிவிட்டார். எங்கள் தேயிலை ஆலையில் கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் ரோலரை ஓட்டியவர். அந்த இரைச்சலில் நின்று நின்று அவருக்குக் காது பாதி மந்தம். ஆனால் பாதங்கள் தரையின் எந்த அதிர்வையும் தவறவிட்டதில்லை என்பது இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் தெரியும். நான் அங்கே கிராணி, கடிதங்களைத் தட்டச்சு செய்பவன்.

ஒரு காலை தரை ஆடியது. பேரிங் போய்விட்டதென்று அக்கா ரோலரை நிறுத்தினார். ஆட்டம் நிற்கவில்லை. பக்கத்து ரோலரைச் சந்தேகப்பட்டு அதையும் நிறுத்தினார். பிறகு சல்லடை, பிறகு அடுப்பின் காற்றாடி. ஆலையே அடங்கியது. "எல்லாத்தையும் நிறுத்திட்டேன், இன்னும் எவன்டா ஆட்டுறான்?" என்றார். அதற்குள் கொழுந்து வீணாகிவிட்டது.

ஆலை மேலாளரான துரை கொதித்தார். "கிராணி, உங்க ரூம்ல ஏதாச்சும் ஆடுச்சா?"

என் கோப்பை குலுங்கி, மேசையிலிருந்த கடிதத்தாள்களின்மேல் தேநீர் சிந்தியிருந்தது. "இல்லீங்க துரை" என்றேன். பயம்தான், வேறென்ன. அக்காவுக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதத்தை அந்தத் தாள்களில் ஒன்றிலேயே தட்டச்சு செய்ததும் நானே. இன்னொரு தவறு நடந்தால் வேலை போய்விடும் என்று அதில் இருந்தது.

மறுநாள் அக்கா, நசுங்கிய கொழுந்து ஒரு பிடியோடு துரையின் அறைக்கு வந்தார்.

"போன்ல பார்த்தேன், துரை. சுமத்ராவுக்கு அடியில கடல் பாறை சரிஞ்சு உள்ள போய்ட்டே இருக்காம். ஆழத்துல சூடும் பாரமும் சேர்ந்து நசுக்குனா, பாறைக்குள்ள அடைஞ்சிருக்கிற தண்ணி வெளிய வருமாம். இந்தா, இப்படி." பிழிந்தார். சாறு துரையின் மேசையில் வழிந்தது. "தண்ணி கசிஞ்சா பாறை சட்டுனு வழுக்கிடும். அதான் இங்க வரைக்கும் ஆட்டம் லா. கடுதாசிய சுமத்ராவுக்கு அனுப்புங்க."

செய்தியிலும் நில அதிர்வு என்று வந்துவிட்டதால் துரை கடிதத்தை ரத்து செய்தார். கூடவே ஓர் அறிவிப்பு: இனி பூமி அதிர்ந்தாலும் அனுமதி பெற்றே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். "இதுல பூமிக்கும் ஒரு காப்பி கொடுத்துடுங்க, கிராணி" என்றார் அக்கா.

எச்சரிக்கைக் கடிதத்தை அக்கா என்னிடம் திருப்பித் தந்தபோது, அதன் ஓரத்திலிருந்த தேநீர்க் கறையை விரலால் தொட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் துரையிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் அறையைக் கடக்கும்போதெல்லாம், "டீயைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, கிராணி" என்பார். ஓய்வு பெறும்வரை ஒரு நாளும் விடவில்லை.

துரை கிழிக்கச் சொன்ன அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கறையோடு. அக்கா உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது சொல்கிறேன். அன்று என் கோப்பை குலுங்கியது, அக்கா.