அண்ணி வளர்த்த அழுக்கு

என் அண்ணி ஷம்சாவுக்கும் அழுக்குக்கும் ஆகவே ஆகாது. மொம்பாசாவின் கிபோக்கோனியில் அவள் வீட்டு வாசற்படியில் கால் வைக்கப் பூனைகூட யோசிக்கும். அவள் பாத்திரம் விளக்கினால் பாத்திரம் தேயும், பெண்ணை விளக்கினால் பெண் மின்னுவாள். இந்த இரண்டாவதுதான் அவள் தொழில். மொம்பாசா பழைய ஊரில் கல்யாணப் பெண் என்றால் நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் வெளியே தலை காட்டாமல் உள்ளே உட்கார வேண்டும். அப்படி உட்காரும் பெண்களைச் சந்தனமும் கிராம்பும் ரோஜா இதழும் அரைத்த சிங்கோ பூசித் தேய்த்து, கைகால்களில் மருதாணி எழுதி, கூந்தல் முதல் துணிமணி வரை ஊதுப்புகை காட்டி, கடைசி நாளில் மேடையேற்றுபவள் அண்ணிதான். பாத்தே தீவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். என் அண்ணன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. கீழ்வீட்டைக் கல்யாணப் பெண்களுக்கென்று ஒழித்துக் கொடுத்து, அந்தக் கைகளாலேயே குடும்பத்தை நிமிர்த்தினாள். நான் மாடியில் தைத்துக்கொண்டு, நாத்தனாருக்கு உரிய கடமையாக அவளைக் கேலி செய்துகொண்டு இருந்தேன்.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் நஸ்ரா, தன் கல்யாணத்துக்கு உட்கார மாட்டேன் என்றாள்.

"நான் என்ன ஊறுகாயாம்மா, மூடி வச்சு ஊற வைக்க?"

"ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் உக்கார வச்சவ பெத்த பொண்ணே உக்காரலைன்னா, நாளைக்கு எவடி என் வீட்டுப் படி ஏறுவா?" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இருந்தது, கண்ணில் பயம் இருந்தது. பயம் நியாயமானதுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏ.சி. போட்ட அழகு நிலையங்கள் முளைத்துவிட்டன. அண்ணியிடம் மிச்சம் இருந்ததே அவளுடைய பேர் ஒன்றுதான்.

நஸ்ரா வேலை பார்ப்பது முட்வாப்பாவில், வண்ண மீன் ஏற்றுமதிக் கொட்டகையில். முக்குளிப்பவர்கள் பிடித்து வரும் கடல் மீன்களைத் தொட்டியில் வைத்துத் தேற்றி, பையில் கட்டி விமானம் ஏற்றுவார்கள். அவள் யோசிப்பதுபோல் நடித்துவிட்டுச் சொன்னாள்.

"நாலு சுவத்துக்குள்ள ஒரு உசுரு நல்லா இருக்கும்னு சொல்றே இல்ல? ஒரு கடல் மீனை இந்த வீட்ல வச்சுக் காட்டு. என் கல்யாண வாரம் வரைக்கும் அது உசுரோட நீந்தினா, நானும் வாயைத் திறக்காம உக்காருறேன்."

"கடலைப் பாத்து வளந்தவகிட்ட மீன் வளக்கச் சொல்றியா? போடி, போய் மாப்பிள்ளைக்கிட்ட சொல்லி வை, நீ உக்காரப் போறேன்னு."

நஸ்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணிக்கு வரவில்லை.

கல்யாணம் பெருநாள் கழித்துத்தான், அவகாசம் நிறைய இருந்தது. ஜன்னல் கண்ணாடி போடுகிறவரிடம் சொல்லிப் பெரிய தொட்டி ஒன்று செய்து வாங்கினாள். பழைய துறைமுகப் படிக்கட்டில் இறங்கி, படகு எண்ணெயும் வாழைப்பழத் தோலும் மிதக்கும் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வந்தாள். அடுத்த சந்து மீன்காரர் ஷாலி, கடலில் கிடந்த பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றின் மேல் ஊதாவும் பச்சையுமாக என்னென்னவோ ஒட்டியிருந்தன. அண்ணிக்கு அது பொறுக்குமா? சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஊறவைத்த அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று உள்ளே அடுக்கினாள். அன்று சாயந்திரமே ஷாலி வரிவரியாக இருந்த ஒரு மீனைப் பிடித்து வந்து உள்ளே விட்டார்.

மறுநாள் காலை அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

"வயசான மீன் போலிருக்கு," என்றார் ஷாலி. அடுத்து இளசாக இரண்டு கொண்டுவந்தார். அவையும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு சாவுக்கும் அண்ணி வீட்டில் சாவு விழுந்ததுபோலவே எல்லாவற்றையும் கழுவினாள். தண்ணீர் முழுவதையும் கொட்டினாள், மணலை அலசினாள், வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதிதாக்கினாள். அப்புறம் புதுத் தண்ணீர், புது மீன், பழைய கதை. தொட்டியில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் இன்னும் கொஞ்சம் கடல் தண்ணீரை ஊற்றுவாள். வீட்டுக்கு வரும் பெண்களோ, வந்த இடத்தில் ஒரு ஜீவனைப் பட்டினியாக விடுவதா என்று எண்ணெயில் பொரித்த மஹம்ரியை ஆளுக்கொரு துண்டு பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் கஞ்சித் தண்ணீர் ஆனது.

யோசனை சொல்லாதவர் அந்தத் தெருவில் இல்லை. ஊரே கடலோரத்து ஊர், கடலைப் பற்றித் தெரியாது என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? ஒருத்தி தொட்டிக்கு ஓதி ஊதச் சொன்னாள். இன்னொருத்தி எலுமிச்சை பிழியச் சொன்னாள். ஷாலி தலையைச் சொறிந்துகொண்டு, "கடல்ல இதெல்லாம் தன்னால உசுரோடதான் இருக்கும், நான் கேட்டதே இல்ல," என்றார். தினமும் மாலை நஸ்ரா வேலைவிட்டு வந்து, தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாரு?" என்று கேட்டுவிட்டுக் கைகழுவப் போவாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். அண்ணி கேட்டால் சொல்லியிருப்பாள். அண்ணி நாக்கைப் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வாளே தவிர, கேட்க மாட்டாள்.

நான் கேட்கலாமே. ஒருநாள் தேங்காய்ப்பால் சோறும் மீனும் கட்டிக்கொண்டு மத்தாத்து வேன் ஏறி முட்வாப்பா போனேன். மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அத்தையை யார் தடுப்பார்கள்? நஸ்ரா உள்ளே வேலையாக இருந்தாள். பை கட்டும் சிதி என்ற கிரியாமா இனப் பெண் வெளியே உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தாள். வரிசையாக ஓடும் தொட்டிகளில் ஒன்றில் மட்டும் மீனே இல்லை.

"இது ஏன்மா காலியா ஓடுது?"

"காலி இல்லக்கா, உக்காந்திருக்கு," என்றாள் சிதி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது, உக்காந்திருக்கா?"

"புதுத் தொட்டிக்கா. மீன் போடுற கழிவு கடல்ல அடிச்சுட்டுப் போயிரும், இங்க எங்க போகும்? அதுவே விஷமாயிரும். அந்த விஷத்தைத் தின்னுறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒண்ணு இருக்கு. அது தின்னுட்டு விடுறது இன்னொரு விஷம். அதைத் தின்ன இன்னொரு பூச்சி. ரெண்டும் கல்லுலயும் பஞ்சுலயும் வந்து குடியேறணும். ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டுட்டுச் சும்மா இருக்கணும். அவசரப்பட்டு மீனை விட்டா அம்புட்டுதான்."

"கழுவினா?"

"கழுவினா குடித்தனமே காலி. இந்தப் பெரிய ஹோட்டல்காரங்க இருக்காங்களே, இன்னிக்குத் தொட்டி வாங்கி நாளைக்கு மீன் கேப்பாங்க. சிரிப்பா வரும்."

நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன், வேறு வழி? தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். ஆவியாகிறது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அண்ணி ஊற்றிய கணக்குக்கு அந்த மீன்கள் கருவாடாகத்தான் செத்திருக்க வேண்டும். விஷம் இருக்கிறதா என்று பார்க்க, சொட்டு விடும் மருந்து பாதி மிச்சமிருந்த குப்பி ஒன்றையும் சிதி கொடுத்தாள். பச்சையானால் விஷம், மஞ்சளாக நின்றால் இல்லை. வாசலில் நஸ்ரா பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தை, வேவு பாக்க வந்தீங்களா?"

"சோறு கொண்டாந்தேன்டி."

"முந்தானையில என்ன முடிச்சு?"

"ஊசி நூல்," என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அழுக்கைக் கழுவாதேன்னு சொல்றியா, இல்ல வளக்கவே சொல்றியா?"

"வளக்கத்தான் அண்ணி. தொட்டியும் உள்ள உக்காரணுமாம். உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"நான் உக்கார வச்ச எவளும் இறாலோட உக்காரலை," என்றாள். ஆனாலும் செய்தாள். ஷாலியைப் படகில் அனுப்பி, பவளத்திட்டுக்கு வெளியே தெளிந்த தண்ணீராகப் பார்த்துக் கொண்டுவரச் செய்தாள். புதுப் பாறைகளைக் கழுவாமல் அப்படியே அடுக்கினாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. இறாலையும் போட்டாள்.

அந்த நாட்களைப் போல நான் வாழ்க்கையில் சிரித்ததில்லை. ஊருக்கெல்லாம் மணம் பூசுகிற வீட்டில் அழுகின இறால் நாற்றம். மருதாணிக்கு வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை நீட்டினார்கள். கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்தது. அண்ணி அதைக் கடக்கும்போதெல்லாம் கை தானாகத் துணியைத் தேடும். நான் மாடிப்படியிலிருந்து "அண்ணீ!" என்று ஒரு குரல் கொடுப்பேன். துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைத் திட்டுவாள். சொட்டு மருந்தில் தண்ணீர் கடும் பச்சையாக நின்றது, வெளிர் பச்சை ஆனது. நோன்பெல்லாம் முடிந்து, பெருநாளும் போய், ஒரு காலையில் மஞ்சளாகவே நின்றது. அண்ணி அந்தக் கண்ணாடிக் குழாயைத் தெருவுக்கே காட்டினாள். ஷாலி அன்றே வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம். மாப்பிள்ளை சாப்பிட்டார், நீந்தினார், கண்ணாடிக்கு வந்து எங்களை முறைத்தார். மஹம்ரியோடு எவளையும் அண்ணி கிட்டே அண்டவிடவில்லை.

நஸ்ராவின் முகத்தில் இப்போது சிரிப்பு குறைந்துவிட்டது. கல்யாணத் துணிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் உட்கார வேண்டிய வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். அண்ணிக்கு மனசு நிறைந்திருந்தது. மகள் உட்காரப் போகும் கீழ்வீட்டு அறையை ஒரு முறை மணக்க வைக்கலாம் என்று கதவு ஜன்னலைச் சாத்தி, தணல் நிறைய ஊது போட்டுச் சட்டியை வைத்தாள். தொட்டியும் அந்த அறையில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் அலறினது எனக்கு மாடியில் கேட்டது.

மாப்பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தார். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமே பண்ணலையே! தொடக்கூட இல்லையே!" என்று அழுதாள். நான் சொட்டு மருந்தைத் தேடினேன். தண்ணீர் மஞ்சளாகத்தான் நின்றது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் நஸ்ரா. வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை.

அவள் அறைக்குள் ஒரு முறை மூச்சை இழுத்தாள், அவ்வளவுதான். ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தாள். ஊதுச் சட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தாள். தொட்டிக்குக் காற்று அடிக்கும் சின்ன மோட்டாரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு மறுபடி மாட்டினாள். "இது புகையை இழுத்துத் தண்ணிக்குள்ள ஊதுதும்மா!" என்று கத்திக்கொண்டே, ஷாலி கொண்டுவந்ததில் எடுத்து வைத்திருந்த கடல் தண்ணீரை ஊற்றி, தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினாள். உடுத்திவந்த புய்புயி அங்கியைக்கூடக் கழற்றவில்லை, முழங்கைவரை நனைந்துபோயிற்று. பிறகு தொட்டியின் பக்கத்திலேயே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டி, விட்டிருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே?"

அவள் என்னை முறைத்தாள். "பந்தயம் எனக்கும் அம்மாவுக்கும். இந்த மீனு எதுலயும் கையெழுத்துப் போடலையே."

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மாப்பிள்ளை நிமிர்ந்து நீந்தினார். நஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். யாரையும் பார்க்காமல் மாடிக்கு வந்து என் தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பெண்ணைப் பெறாதவள் நான், இவளைத்தான் என் பெண் என்று நினைத்து வளர்த்தேன்.

சொன்ன நாளில் சொன்னபடி வந்து உட்கார்ந்தாள். பாயில் சம்மணமிட்டு, லேசோத் துணியைப் போர்த்திக்கொண்டு, "சரிம்மா, ஆரம்பி," என்றாள். அண்ணி சிங்கோக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். ஷம்சாவின் மகள் உட்கார்ந்துவிட்டாள் என்ற செய்தி சந்து தாண்டிப் போயிருந்தது. அண்ணி ஜெயித்துவிட்டாள். ஆனால் கிண்ணத்தோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"உனக்கு என்னடி வேணும்? நீயே சொல்லு," என்றாள் கடைசியில். எந்தக் கல்யாணப் பெண்ணிடமும் அவள் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நஸ்ரா நிமிர்ந்து பார்த்தாள். "தேய்ச்சுக்கலாம்மா, அப்புறமா. இப்போ ஒண்ணும் செய்யாதே. கொஞ்ச நேரம் இங்க உக்காரு." கொஞ்சம் தயங்கினாள். "உன் கல்யாணத்துக்கு நீ உக்காந்தப்போ பயமா இருந்துச்சா உனக்கு?"

"இருந்துச்சு," என்றாள் அண்ணி. "ரொம்ப இருந்துச்சு. யாரும் கேக்கலை."

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். மகளுக்குப் பக்கத்தில், பாயின் ஓரத்தில், கையைக் காலை நீட்டாமல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். நஸ்ரா அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்தினேன். வாசலில் நின்ற பெண்களிடம், அண்ணிக்கு இன்றைக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.